கரைவலையும் பெஞ்ச் பிரஸ்ஸும்

வலை இழுக்கிறவனுக்கு எதற்கு உடற்பயிற்சி? உடப்பில் டம்பெல் தூக்க ஆசைப்படும் எந்த இளைஞனும் வீட்டிலோ கடற்கரையிலோ ஒருநாள் கேட்க நேரும் கேள்வி இது. பாதி கேலி, மீதிப் பாதியில் நியாயம் இருப்பதுபோல் தெரிகிறது. அந்த நியாயம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று யாரும் பார்ப்பதில்லை. தோள் திரண்ட கரைவலைக்காரரைச் சுட்டிக்காட்டி, “இவர் எந்த ஜிம்முக்குப் போனார்?” என்று கேட்டுவிட்டால் வாதம் முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம்.

புத்தளம் மாவட்டத்தில் ஒருபுறம் கடலும் மறுபுறம் முந்தல் களப்புமாக அமைந்த இந்த ஊரைப் பலருக்கும் இரண்டு விஷயங்களால் தெரியும்: திரௌபதையம்மன் கோயில் தீமிதிப்பு, அம்பாப் பாட்டு. அம்பா மேடைக்குப் பிறந்த பாட்டு அல்ல, வேலைக்குப் பிறந்தது. வலையை வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் வளைத்து விட்டபின், கயிற்றின் இரு தலைப்பையும் இரண்டு கூட்டம் கரையில் நின்று இழுக்கும். எல்லோருடைய பலமும் ஒரே நொடியில் கயிற்றில் விழ வேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் தாளம். வலையின் மடி கரையேறும்வரை இழுப்பு ஓயாது.

இதை வேலையாகப் பாராமல் உடற்பயிற்சியாக மட்டும் பார்த்தால் என்ன தெரிகிறது? உடலைப் பின்னுக்குச் சாய்த்து, குதிகாலை மணலில் ஊன்றி, கயிற்றைப் பிடித்தபடி பின்னோக்கி நடக்கிறார்கள். மணலில் நடப்பது உறுதியான தரையில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தியைக் கேட்கும்; 1998இல் வெளியான ஓர் ஆய்வு அதை 2.1 முதல் 2.7 மடங்கு என்று அளந்தது. முதுகு, பிட்டம், பின்தொடை, கெண்டைக்கால், முன்கை, விரல்பிடி எல்லாம் நன்றாக உழைக்கின்றன. ஆனால் இந்த வேலை முழுவதிலும் ஒரு தள்ளல் கூட இல்லை. மார்பும் தோளின் முன்பகுதியும் மேற்கையின் பின்தசையும் ஏறக்குறைய சும்மா இருக்கின்றன. தலைக்கு மேல் எதையும் உயர்த்துவதும் கிடையாது. கரைவலை தரும் உடல் பலமானதுதான், ஒருபக்கப் பலம்.

இதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. தசை வளர்வதற்கு அதன் எல்லைக்குக் கிட்டவாகப் பாரம் விழ வேண்டும், பிறகு ஓய்வும் உணவும் கிடைக்க வேண்டும், பழகியபின் பாரம் சற்றுக் கூட வேண்டும். கரையில் பாரத்தைத் தீர்மானிப்பது நீரோட்டமும் மடியில் விழுந்த மீனும். உடல் தயாரா என்று கடல் கேட்பதில்லை. பெரும்பாலான நேரம் நடுத்தரப் பாரம், நீண்ட நேரம். அதனால் தாக்குப்பிடிக்கும் சக்தி வளர்கிறது. தசையின் பருமன் முதற் சில பருவங்களில் கூடி அங்கேயே நின்றுவிடுகிறது. அதன்பின் வேலை கூடக்கூடத் தேய்மானம்தான்: இடுப்பு வலி, முழங்கை வலி, காலையில் விறைத்துப்போகும் விரல்கள்.

தொழிலில் உடலை வருத்துவதும் ஓய்வு நேரத்தில் உடலைப் பழக்குவதும் ஒன்றல்ல என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. ஏறத்தாழ 1,93,000 பேரின் தரவுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வில், கடும் உடலுழைப்புத் தொழில் செய்யும் ஆண்கள் முன்கூட்டியே இறக்கும் அபாயம் உழைப்புக் குறைந்த தொழில் செய்வோரைவிட 18 வீதம் அதிகமாக இருந்தது. ஓய்வு நேர உடற்பயிற்சியோ ஆயுளைக் கூட்டும் என்பது வேறு பல ஆய்வுகளின் முடிவு. 2018 ஆய்வுக்குப் பின்னால் வறுமையும் புகைத்தலும் ஒளிந்திருக்கக்கூடும்; அந்தக் குறுக்கீட்டை முழுதாகக் கழித்துவிட முடியாது. இருந்தாலும், தொழிலாளியின் உடலைப் பார்த்து ‘இதுதான் இயற்கையான ஆரோக்கியம்’ என்று பட்டணத்தில் இருந்துகொண்டு கவிதை எழுதுகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

ஆகவே உடற்பயிற்சி முறைக்கு இங்கே இடமுண்டு. அந்த முறையின் நிஜமான பலம் எது என்பதுதான் அடுத்த கேள்வி. ஜிம்மில் எல்லோர் வாயிலும் வரும் ‘மூன்று செட், பத்து ரெப்ஸ்’ பிறந்த இடம் உடற்கட்டுப் போட்டி மேடை என்றுதான் பலரும் நினைப்பார்கள். அது வைத்தியசாலையில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் முழங்கால் காயப்பட்ட அமெரிக்கப் படையினருக்கு, சிக்காகோவின் கார்டினர் இராணுவ வைத்தியசாலையில் தாமஸ் டிலோம் என்ற இளம் மருத்துவர் சிகிச்சை அளித்தார். இலேசான பாரத்தைப் பலமுறை தூக்க வைப்பதே அக்கால வழக்கம். டிலோம் தலைகீழாகச் செய்தார்: கனமான பாரம், குறைந்த எண்ணிக்கை, பலம் கூடும்போது பாரமும் கூடும். 1945இல் அவர் தம் முறையை வெளியிட்டபோது ஏழு முதல் பத்து செட் வரை செய்யச் சொன்னார். 1948 அளவில் மூன்றே போதும் என்று குறைத்துக்கொண்டார். பலன் தராத உழைப்பைக் கழித்துவிட்டார் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. இன்று எத்தனை கிலோ, எத்தனை தடவை, அடுத்தமுறை எவ்வளவு, இடையில் எத்தனை நாள் ஓய்வு: இந்தக் கணக்குத்தான் முறை. அசைவுகளின் பட்டியல் அதற்கு வெறும் பொருள்.

கைபேசி வழியாக வந்து சேர்வதோ பட்டியல் மட்டும். திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கை, வெள்ளி கால். வெள்ளிக்கிழமை எப்படியோ தவறிப்போகும் என்பது உலகம் முழுக்க உள்ள வேடிக்கை. நாளுக்கு ஓர் உறுப்பு என்ற இந்தப் பிரிப்பு, உடலையே தொழிலாகக் கொண்ட போட்டியாளர்களிடமிருந்து வந்தது. பயிற்சி தவிர்ந்த நேரத்தில் உண்பதும் உறங்குவதும்தான் அவர்கள் வேலை. அவர்களுள் பலர் ஊக்கமருந்தின் துணையும் கொண்டவர்கள். அதே பட்டியலை விடியலில் வலை இழுத்துவிட்டு மாலையில் ஒருவன் செய்யும்போது, அது ஏற்கெனவே சுமை ஏற்றிய வண்டியில் மேலும் மூட்டை ஏற்றுவதாகிறது.

ஆனாலும் பிரிப்பு முறையையே மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது. ஒரு தசையைக் கிழமைக்கு இருமுறை பழக்குவது ஒருமுறை பழக்குவதைவிட மேல் என்று 2016இல் பிராட் ஷோன்ஃபெல்ட் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். பின்னர் வந்த அவர்களது தொகுப்பு, கிழமையின் மொத்த செட்கள் சமமாக இருந்தால் வித்தியாசம் பெரிதாக இல்லை என்று அந்த முடிவைத் தணித்தது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மீன் பட்டால் அன்று மாலை ஜிம் இல்லை. பிரிப்பு முறையில் ஒருநாள் தவறினால் அந்த உறுப்புக்கு இரண்டு கிழமை ஒன்றும் கிடையாது. முழு உடலையும் கிழமைக்கு இரண்டு மூன்று நாள் பழக்கும் முறையில் ஒருநாள் தவறினாலும் எல்லாத் தசைக்கும் ஏதோ கிடைத்திருக்கும். மாதச் சம்பளக்காரனுக்கு இரண்டும் ஒன்றுதான். கடலை நம்பியவனுக்கு ஒன்றல்ல.

பட்டியலுக்குள்ளும் தேர்வு வேண்டும். ஜிம் போகிறவர்களை மார்புப் பைத்தியங்கள் என்று கேலி செய்வது வழக்கம். கரைவலைக்காரனுக்கு அந்தப் பைத்தியம் பொருந்துகிறது. பெஞ்ச் பிரஸ், தண்டால், தலைக்கு மேல் பாரம் உயர்த்தல் ஆகியவை கடல் தராத தள்ளலைத் தருகின்றன. ஸ்குவாட்டும் சேரலாம். மாறாக, கைத்தசை திரளவேண்டும் என்று மணிக்கணக்காகச் செய்யும் பைசெப்ஸ் கேர்ள் ஏற்கெனவே கயிறு பிடித்துக் களைத்த முழங்கை நாண்களை மறுபடியும் வதைக்கிறது. மீன் நன்றாகப் படும் நாட்களில் டெட்லிஃப்டும் அப்படித்தான். கண்ணாடியில் எது கண்ணில் படுகிறதோ அதைப் பழக்கும் ஆசை இயல்பு. உடலுக்கு எது ஏற்கெனவே கிடைத்திருக்கிறது, எது கிடைக்கவில்லை என்று கண்ணாடி சொல்லாது.

வயிற்றுக்கு வருவோம். 2008இல் வாரணம் ஆயிரம் படத்தில் சூர்யா காட்டிய உடல், தமிழ் பேசும் கரைகள் எல்லாவற்றிலும் சிக்ஸ் பேக் ஆசையைக் கிளப்பிவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை வயிற்றுப் பயிற்சிகளுக்கு ஓய்வில்லை. 2011இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், ஆறு கிழமை வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு வயிற்றுத் தசையின் தாக்குப்பிடிக்கும் சக்தி கூடியது, வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை. கொழுப்பு எந்த இடத்தில் கரைய வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. கோயிலில் பாரதம் படிக்கும் ஊர் இது. அந்தப் பாரதத்தின் மகாபலசாலியான பீமன் பெருந்தீனிக்காரன் என்பதையும் நம் பையன்கள் கேட்டுத்தான் வளர்கிறார்கள். தொலைக்காட்சிப் பீமன்கள்தாம் வயிற்றைப் பாளம்பாளமாக வெட்டிக்கொண்டு வருகிறார்கள்.

இந்தக் கரைக்கு உடற்பயிற்சி முறையை வகுப்பவர் நாட்காட்டியைவிடக் காற்றைப் பார்க்க வேண்டும். மேல்கரையில் கரைவலைப் பருவம் ஏறக்குறைய ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை. சோழகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் கடல் கொந்தளிக்கும், கரைவலை ஓயும். தசை வளர்க்கும் கடும் பயிற்சிக்கு உரிய காலம் அதுதான். நடுவில் ஆடித் திருவிழா வரும். தீமிதிக்க விரதம் இருப்பவர்கள் அந்த நாட்களில் பாரம் கூட்டாமல் விடுவது நல்லது. ஒக்டோபரில் மறுபடி வலை வளைக்கத் தொடங்கியதும் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை, சுருக்கினால் போதும். பதினாறு கிழமை பழகிய இளைஞர்கள், அதன்பின் பயிற்சியின் அளவை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்து, கிழமைக்கு ஒரே நாள் செய்தும் முப்பத்திரண்டு கிழமை தசையைக் காத்துக்கொண்டதாக 2011இல் இன்னோர் ஆய்வு காட்டியது. பாரத்தைக் குறைக்கவில்லை, செட்களையும் நாட்களையும்தான் குறைத்தார்கள். நாம் தேடித் திரியும் ‘ஆறே கிழமையில் உடற்கட்டு’ அட்டவணைகள் எதிலும் இந்த அரிய செய்தி இல்லை. குறைவாகச் செய்யச் சொல்லும் அறிவுரையை விற்க முடியாதல்லவா?

இன்னொரு மாற்றமும் நடந்துகொண்டிருக்கிறது. உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி வலையை இழுக்கும் முறை இலங்கையின் பல கரைகளுக்கு வந்துவிட்டது. அதையொட்டித் தகராறுகளும் வந்தன. வின்ச் இழுக்கும் கரையில் பலருக்கு வேலை இல்லை, அவர்களுடைய முதுகுக்கும் வேலை இல்லை. ‘வலை இழுக்கிறவனுக்கு’ என்று தொடங்கும் வாதத்தின் அடிப்படையே அங்கே கரைகிறது.

உணவு விஷயத்தில் உடப்பு அதிர்ஷ்டம் செய்த ஊர். பாரப் பயிற்சி செய்பவருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.6 கிராம் புரதம் வரைதான் பயன் என்று, 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் கணக்கிட்டார்கள். 65 கிலோ உள்ள ஒருவருக்கு அது 104 கிராம். கால் கிலோ மீனில் ஏறத்தாழ 50 கிராம் வந்துவிடும். ஒரு கோப்பை பருப்பு, இரண்டு முட்டை, மூன்று வேளைச் சோறு என்று கூட்டினால் நூறை நெருங்கலாம். நெத்தலிக் கருவாடு புரதச் செறிவில் டப்பாப் பொடிக்கு வெகுதூரம் இல்லை, உப்புத்தான் பிரச்சினை. வே புரதம் கெட்டதல்ல. இறக்குமதிப் பாற்பொருள், விலை கூடியது, அவ்வளவுதான். மீன் காயும் ஊரில் அதைக் கடன்பட்டு வாங்குவதில் எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

ஊசியும் குளிசையும் வேறு விஷயம். வெளியிலிருந்து ஆண் ஹோர்மோனை ஏற்றினால் உடல் தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடுகிறது. விதை சுருங்கும், நல்ல கொலஸ்ட்ரால் விழும், இதயச் சுவர் தடிக்கும். 2013ஆம் ஆண்டின் ஊக்கமருந்துத் தடைச் சட்டம் இலங்கையில் இருக்கிறது. ஆனால் அது போட்டியாளரைத்தான் சோதிக்கும். கண்ணாடிக்கு முன் நிற்கிறவனை யாரும் சோதிப்பதில்லை.

இவ்வளவு நேரமும் ஆண்களைப் பற்றியே பேசியாகிவிட்டது. உடற்கட்டு என்ற பேச்சே அப்படித்தான் பழகிவிட்டது. கருவாடு பரப்பி, புரட்டி, குனிந்து அள்ளும் பெண்களின் இடுப்புக்கும் முழங்காலுக்கும் யாரும் அட்டவணை போடுவதில்லை. பாரம் தூக்கினால் ஆம்பிளை மாதிரி ஆகிவிடுவோம் என்ற பயமும் உண்டு. பெண்ணின் டெஸ்டோஸ்டிரோன் அளவு ஆணினுடையதில் ஒரு சிறு பங்குதான். அத்தகைய பருமன் தற்செயலாக வந்துவிடாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி, வளர்ந்தோர் எல்லோருக்கும் கிழமையில் இரண்டு நாளாவது தசை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்கிறது. ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. சிக்காகோவில் படையினருக்குச் செய்த அதே கணக்கு ஐம்பது வயதுப் பெண்ணுக்கும் பொருந்தும், ஜிம்மும் தேவையில்லை. கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்பி இருப்பது, பத்துத் தடவை, மூன்று செட். அடுத்த கிழமை பன்னிரண்டு. அதுவும் சுலபமானால் நெஞ்சோடு அணைத்தபடி ஒரு தண்ணீர்ப் போத்தல், பிறகு அதைவிடப் பெரிய போத்தல்.