ஃபோர்டு லைட்னிங்: கால்வாசி ஆக்சிலரேட்டரில்தான் வேலையே இருக்கிறது

முழு மூச்சாக அழுத்தினால் இந்த வண்டியில் எந்தக் குறையும் தெரியாது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும், சூப்பர்சார்ஜர் விசில் அடிக்கும், பின்சக்கரம் தரையைப் பிறாண்டும். குறையெல்லாம் மணிக்கு 40 மைலில் இருந்தது. முன்னால் போகிற பள்ளிப் பேருந்துக்கு இடம் விட்டு மெதுவாகப் போவேன். பேருந்து திரும்பியதும் ஆக்சிலரேட்டரை லேசாகத் தொடுவேன். ஒரு நொடி ஒன்றுமே நடக்காது. அப்புறம் குப்பென்று பாயும். காலை எடுத்தால் ஒரு குலுக்கல். சிக்னலில் நின்றால் பின்பக்கமிருந்து எரியாத பெட்ரோல் வாடை. டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்தால் ஊருக்குள்ளும் வெளியிலும் கலந்து ஓட்டியதில் கேலனுக்கு 10.6 மைல், அதாவது லிட்டருக்கு 4.5 கிலோமீட்டர்.

வண்டி 2003 ஃபோர்டு எஃப்-150 எஸ்விடி லைட்னிங். டெக்சாஸில் ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் இருக்கிறேன். இரண்டு கை மாறி என்னிடம் வந்தது. 1999 முதல் 2004 வரை தயாரான இந்தத் தலைமுறையில் 5.4 லிட்டர் வி8 எஞ்சின்மேல் ஈட்டன் எம்112 சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருக்கிறது. 112 என்பது அது ஒரு சுற்றுக்குத் தள்ளும் காற்றின் கன அங்குலம், கிட்டத்தட்ட 1.8 லிட்டர். கம்பெனி கொடுத்தபோது அழுத்தம், அதாவது பூஸ்ட், 8 பிஎஸ்ஐ. 2001-க்குப் பிந்தைய வண்டிகளில் 380 குதிரைத்திறன், 3,250 ஆர்பிஎம்மிலேயே 610 நியூட்டன் மீட்டர் டார்க். அழுத்திய காற்றை ஆற்ற, தண்ணீர் ஓடும் இன்டர்கூலர் உண்டு. 2022-இல் வந்த மின்சார எஃப்-150-க்கும் இதே பெயரைத்தான் வைத்தார்கள். பெயர் ஒன்றானாலும் அதற்கும் இதற்கும் எந்த ஒட்டும் இல்லை.

மைலேஜ் பேச்சு வந்தால் எல்லாரும் முதலில் சூப்பர்சார்ஜரைத்தான் குற்றம் சொல்வார்கள். "பெல்ட்டில் சுற்றிக்கொண்டே இருக்கிறதே, பெட்ரோல் குடிக்காதா?" முழு அழுத்தத்தில் குடிக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் சீராகப் போகும்போது அப்படியில்லை. சூப்பர்சார்ஜரின் உள்வாயையும் வெளிவாயையும் இணைத்து ஒரு பைபாஸ் வால்வு இருக்கிறது. இன்டேக்கில் வாக்குவம் இருக்கும்வரை அது திறந்தே இருக்கும். தள்ளப்பட்ட காற்று அழுத்தம் ஏறாமல் திரும்பி உள்வாய்க்கே வந்துவிடும். அப்போது ரோட்டர்கள் சும்மா சுற்றுகின்றன, எஞ்சினிடமிருந்து அவை பிடுங்கும் சக்தி மிகக் குறைவு. அந்த வால்வை இயக்கும் டயஃப்ரம் கிழிந்திருந்தால்தான் வம்பு. அதனால் முதல் வேலையாகக் கைப்பம்பால் அதன் குழாயில் வாக்குவம் கொடுத்துப் பார்த்தேன். கம்பி மெல்ல நகர்ந்து முழுக்கத் திறந்தது. ஐந்து நிமிடம் வைத்திருந்தும் முள் இறங்கவில்லை. சூப்பர்சார்ஜர் குற்றவாளி இல்லை என்று அப்போதே முடிவாகிவிட்டது.

பிறகு கருவிகளை எடுத்தேன். எஸ்சிடி எக்ஸ்4 என்ற கைக்கருவி ஒன்று, ஏஇஎம் எக்ஸ்-சீரீஸ் வைட்பேண்ட் மீட்டர் ஒன்று. எக்ஸ்4 டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் சொருகிக்கொள்ளும். எஞ்சின் கம்ப்யூட்டரில் இருப்பதை எடுத்து வைத்துக்கொண்டு புது டியூனை ஏற்றும், ஓடும்போது நடப்பதைப் பதிவும் செய்யும். வைட்பேண்ட் மீட்டர் புகைக்குழாயில் ஒரு சென்சாரை வைத்து, எரிந்த கலவையில் பெட்ரோல் கூடுதலா குறைவா என்று லாம்டா எண்ணாகக் காட்டும். 1 என்றால் சரிசமம். அதற்குக் கீழே போனால் பெட்ரோல் கூடுதல். எக்ஸ்4-ஐ மட்டும் வாங்கி இந்த வேலையைச் செய்துவிட முடியாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். டேபிள்களைத் திருத்தத் தனி மென்பொருளும் அதில் கைதேர்ந்த ஒருவரும் தேவை. நான் வேறு மாநிலத்தில் இருக்கும் ஒரு டியூனருக்கு அந்தப் பதிவை, அதாவது லாக்கை, அனுப்புவேன், அவர் திருத்திய ஃபைலை அனுப்புவார். ஆறு வாரத்தில் பதினோரு முறை இப்படிப் போய் வந்தது.

முதல் லாக்கில் கண்ணில் பட்டது ஃப்யூல் ட்ரிம். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு ஊற்றும் பெட்ரோலுக்கும் ஆக்சிஜன் சென்சார் கேட்கும் பெட்ரோலுக்கும் உள்ள வித்தியாசம் அது. நிற்கும்போது கூட்டல் 17 சதவீதம். மணிக்கு 65 மைலில் கூட்டல் 9. நிற்கும்போது அதிகமாகவும் ஆர்பிஎம் ஏற ஏறக் குறைவாகவும் இருந்தால், எங்கோ கணக்கில் வராத காற்று கசிந்து உள்ளே போகிறது என்று அர்த்தம். எஞ்சின் குறைவாகக் காற்று இழுக்கும்போது அந்தச் சின்னக் கசிவு பெரிய பங்காகிவிடும், அதுதான் காரணம். இன்டேக்கின் பின்பக்கம், விரல் மட்டுமே போகிற இடுக்கில், எஞ்சின் அடிப்பாக ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுவரும் பிசிவி குழாயின் ரப்பர் முழங்கை இருக்கிறது. விரலால் வளைத்துப் பார்த்தேன். இருபது வருட வெப்பத்தில் பிஸ்கட் மாதிரி ஆகியிருந்தது, அடிப்பக்கம் நகக்கண் நீளத்துக்கு வெடிப்பு. சில டாலர் சாமான். மாற்றியதும் நிற்கும்போது இருந்த 17, 5 ஆக இறங்கிற்று.

ஆனால் ஓடும்போது இருந்த 8, 9 அப்படியே நின்றது. இதுதான் இந்த வண்டியின் மெய்யான நோய். முன்னால் வைத்திருந்தவர் கம்பெனி ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டரும் புதுக் குழாயும் போட்டிருந்தார். காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார், அதாவது மேஃப், அந்தக் குழாயில்தான் இருக்கிறது. அது குழாய் முழுவதும் ஓடும் காற்றை அளப்பதில்லை. ஒரு சின்ன வாய்க்குள் புகும் காற்றை மட்டும் அளந்து, மொத்தம் இவ்வளவு இருக்கும் என்று ஒரு டேபிளைப் பார்த்துச் சொல்கிறது. குழாயின் வளைவு மாறினால் காற்று வரும் விதம் மாறும், பழைய டேபிள் பொய்யாகிவிடும். இங்கே மேஃப் கிட்டத்தட்ட எட்டு சதவீதம் குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

எட்டு சதவீதம்தானே, ட்ரிம் சரிசெய்துகொள்ளுமே என்று தோன்றும். நிதானமாக ஓடும்போது சரிசெய்யும். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று தொடும் அந்தக் கணத்தில் ட்ரிம்முக்கு நேரம் போதாது. அந்தக் கணத்தில் பெட்ரோல் பற்றாமல் எஞ்சின் திணறும். நான் அனுபவித்த ஒரு நொடி மௌனம் அதுதான். அதோடு நிற்பதில்லை. கம்ப்யூட்டர் எஞ்சின்மேல் எவ்வளவு லோடு என்பதை இந்தக் காற்றுக் கணக்கிலிருந்துதான் ஊகிக்கிறது. ஸ்பார்க் எப்போது விழவேண்டும், கியர்பாக்ஸில் எண்ணெய் அழுத்தம் எவ்வளவு இருக்கவேண்டும் என்பதெல்லாம் அந்த ஊகத்தைப் பொறுத்தவை. காற்றைக் குறைத்துச் சொன்னால் லோடு குறைவு என்று நினைத்து ஸ்பார்க்கை முன்னதாகவே விடும். பூஸ்ட் ஏறும் நேரத்தில் அது கலவை தானாக வெடிக்கும் நாக்கிங்கில் கொண்டுபோய் விடும்.

முன்பு இந்த வண்டியை டியூன் செய்த கடைக்காரர் இதைக் கவனித்திருக்க வேண்டும். கவனித்தும் மேஃப் டேபிளைத் தொடவில்லை. திணறலை மறைக்க, ஆக்சிலரேட்டர் கால்வாசி தாண்டியதுமே பெட்ரோலை அள்ளி ஊற்றும்படி செய்துவிட்டார். வைட்பேண்ட் மீட்டரை வைத்துக்கொண்டு ஒரு மேம்பாலத்தில் ஏறினேன். பூஸ்ட் இன்னும் எழவே இல்லை, லாம்டா 0.78. முழு பூஸ்டில் எஞ்சினைக் காப்பாற்ற ஊற்றும் அளவுக்கு ஈடான பெட்ரோலை ஒரு பால ஏற்றத்துக்கே ஊற்றிக்கொண்டிருந்தது. பெட்ரோல் வாடையும் புகைக்குழாய் வாயில் படிந்த கரியும் எங்கிருந்து வந்தன என்பது அங்கே தெரிந்தது. டைனோ உருளையில் முழு அழுத்தில் ஓட்டி எடுக்கும் பவர் கிராஃபில் இதெல்லாம் வராது. அந்தப் பத்து நொடிக்கு டியூன் செய்து காசு வாங்குகிறவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. வண்டிக்காரன் மிச்ச நேரமெல்லாம் கால்வாசி ஆக்சிலரேட்டரில்தான் ஓட்டுகிறான்.

மேஃப் டேபிளை இரண்டு சுற்றில் திருத்தினோம். எந்தக் காற்றோட்டத்தில் ட்ரிம் எவ்வளவோ அந்தப் புள்ளியை அவ்வளவு உயர்த்துவது, மறுபடி ஓட்டிப் பார்ப்பது, இவ்வளவுதான் வேலை. ட்ரிம் கூட்டல் கழித்தல் மூன்றுக்குள் வந்தது. அன்றே திணறல் போய்விட்டது. மைலேஜ் கூடவில்லை. அதையும் சொல்லவேண்டும்: சீராக ஓடும்போது ட்ரிம் ஏற்கெனவே சரிசெய்துகொண்டிருந்ததால், இந்தத் திருத்தத்தால் கிடைத்தது ஓட்டும் சுகம் மட்டுமே.

மைலேஜ் மூன்று இடங்களிலிருந்து வந்தது. முதலாவது, அந்த அவசரப் பெட்ரோலை நிறுத்தியது. இப்போது இன்டேக்கில் வாக்குவம் தீரும்வரை லாம்டா 1-இலேயே நிற்கிறது. பூஸ்ட் எழ எழப் படிப்படியாக இறங்கி, முழு அழுத்தில் 0.80. அதற்கு மேல் பெட்ரோலைக் குறைத்து மிச்சம் பிடிக்க நான் சம்மதிக்கவில்லை. பூஸ்டில் பெட்ரோலைக் குறைத்தால் பிஸ்டன் உருகும், அந்தச் செலவுக்கு முன்னால் எந்த மைலேஜும் நிற்காது.

இரண்டாவது, சீரான ஓட்டத்தில் ஸ்பார்க். இந்த எஞ்சினின் கம்ப்ரஷன் 8.4-க்கு 1, பூஸ்டுக்காகவே குறைத்து வைத்தது. பூஸ்ட் இல்லாதபோது கலவை மெதுவாக எரியும், ஆகவே ஸ்பார்க் முன்னதாகவே விழவேண்டும். ஐ-10 நெடுஞ்சாலையில் கேட்டியிலிருந்து கொலம்பஸ் வரை சுமார் 45 மைல், தட்டையான தரை. க்ரூஸ் கன்ட்ரோலை 65-இல் வைத்து வலது ஓர லேனில் போவேன், காற்றின் போக்கைக் கழிக்க அதே வழியில் திரும்புவேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இரண்டு டிகிரி ஏற்றினோம். அதே வேகத்துக்கு எஞ்சின் இழுக்கும் காற்று நொடிக்கு 48 கிராமிலிருந்து 45-க்கு இறங்கியது. அதன்பின் இரண்டு டிகிரி ஏற்றியும் இறங்கவில்லை. அந்த இரண்டைத் திரும்ப எடுத்துவிட்டோம். பலன் தராத டிகிரி எஞ்சினுக்கு வெறும் ஆபத்துதான்.

மூன்றாவதை யாரும் எஞ்சின் டியூனிங் என்று நினைப்பதில்லை. 4ஆர்100 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எஞ்சினை நேராகப் பூட்டிவைக்கும் டார்க் கன்வெர்ட்டர் லாக். நாலாவது கியரில் லாக் ஆகியிருந்தால் 65-இல் எஞ்சின் 2,050 ஆர்பிஎம்மை ஒட்டிச் சுற்றுகிறது. லாக் விட்டால் 200 கூடிவிடும், அந்த 200-உம் எண்ணெயைச் சூடாக்கத்தான் போகிறது. பழைய டியூனில் சின்ன மேட்டுக்கும் லாக் விட்டுவிட்டு மறுபடி பிடித்தது. அந்தக் குலுக்கல் அதுதான். இப்போது 47 மைலில் பிடிக்கிறது, காலை நன்றாக அழுத்தினால்தான் விடுகிறது. இன்னும் கீழே, 42-இல் பிடிக்க வைத்துப் பார்த்தேன். 1,300 ஆர்பிஎம்மில் வண்டி முனகி அதிர்ந்தது. வேண்டாம்.

ஹூஸ்டன் கோடையைப் பற்றி ஒரு வார்த்தை. சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றாலே இன்டர்கூலர் தண்ணீர் சூடேறிவிடும். அதற்கென்று தனி பம்ப் இருக்கிறது. அது நின்றுபோனால் டாஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது, வண்டி மட்டும் சோர்ந்துபோகும். சாவியைத் திருப்பி, தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து, உள்ளே தண்ணீர் சுழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பெட்ரோல் 93 ஆக்டேன் மட்டும். இந்த 93 அமெரிக்க முறைக் கணக்கு. இந்தியப் பெட்ரோல் பங்கில் எழுதியிருக்கும் எண் வேறு அளவுகோல், இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது.

இன்னொரு விஷயம் சட்டம். கேடலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவதும் அதன் சென்சாரை டியூனில் அணைப்பதும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்துக்கு எதிரானது. டெக்சாஸில் 2025 முதல் பாதுகாப்புச் சோதனையை எடுத்துவிட்டாலும், ஹூஸ்டன் போன்ற பகுதிகளில் புகைச் சோதனை இருக்கிறது. புது டியூன் ஏற்றியதும் கம்ப்யூட்டரின் சுயசோதனை முடிவுகள் அழிந்துவிடும். அந்தச் சோதனைகள் மறுபடி முடியும்வரை சில நாள் சாதாரணமாக ஓட்டிவிட்டுத்தான் சோதனைக்குப் போகவேண்டும். என் வண்டி கன்வெர்ட்டரோடு, எந்தச் சென்சாரையும் அணைக்காமல் தேறியது.

எக்ஸ்4 மீது இரண்டு குறை உண்டு. ஒரு நேரத்தில் ஒரே வண்டிக்குத்தான் கட்டுப்படும். வேறு வண்டிக்குப் போட இந்த வண்டியைப் பழைய நிலைக்குத் திருப்பியாக வேண்டும். பதிவு செய்யும் வேகமும் குறைவு. அதற்குக் கருவி பொறுப்பில்லை, 2003 ஃபோர்டின் டேட்டா லைனே நொடிக்கு 41.6 கிலோபிட்தான். பத்து விஷயத்தை ஒன்றாகப் பதிவு செய்தால் ஆக்சிலரேட்டரைத் தொடும் அந்தக் கணம் நழுவிவிடும். நான்கைந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டியூனை ஏற்றும்போது பேட்டரியில் சார்ஜர் மாட்டியிருக்கட்டும்.

கணக்கு இது. நெடுஞ்சாலையில் 65-இல் கேலனுக்கு 13.4 மைல் இருந்தது 15.9 ஆயிற்று, லிட்டருக்கு 5.7-லிருந்து 6.8 கிலோமீட்டர். கலந்து ஓட்டினால் 10.6 இப்போது 12.3. வருடத்துக்கு 6,000 மைல் ஓட்டும் எனக்கு 78 கேலன் மிச்சம். கருவிகளுக்கும் டியூனருக்கும் கொடுத்த பணம் இப்படித் திரும்ப மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். காசுக்காக மட்டும் என்றால் இதில் இறங்க வேண்டாம். ஆனால் பேருந்து திரும்பியதும் காலால் தொட்டால் வண்டி தொட்ட அளவுக்கு நகர்கிறது. குலுக்கல் இல்லை, வாடை இல்லை. முழு அழுத்தில் பவர் கூடியதா என்று நான் அளக்கவே இல்லை.

உங்களிடம் சூப்பர்சார்ஜர் வண்டி இருந்து மைலேஜ் இடித்தால், சின்ன புல்லியோ புது ஃபில்டரோ வாங்குவதற்கு முன் ஒரு லாக் எடுங்கள். நிற்கும்போது ட்ரிம் எவ்வளவு, 65-இல் எவ்வளவு என்று இரண்டு எண்ணை எழுதிக்கொண்டு டியூனரிடம் போங்கள். அந்த எண்களைப் பற்றிப் பேசாமல் குதிரைத்திறனைப் பற்றியே பேசுகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.