போர் தண்ணீர் ஊரில் பாஸ்பேட் கூலன்ட்

காடு மேடு ஏறும் வண்டிக்குக் கூலன்ட் வாங்குகிறவர் முதலில் ஊர்த் தண்ணீரைப் பார்க்க வேண்டும், டப்பாவை அப்புறம் பார்க்கலாம் என்பது என் கட்சி. பெங்களூரு ஓரத்துப் பொம்மசந்திராவை வைத்து இதை வாதிடக் காரணம் உண்டு. போர் தண்ணீரையும் டேங்கரையும் நம்பிய வட்டாரம் இது. கால்சியமும் மெக்னீசியமும் தாராளமாகக் கரைந்த கடினநீர். பக்கத்து ஜிகனியிலோ டொயோட்டாவின் ஜிடி டீசல் எஞ்சின் தயாராகிறது. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் ஓசூர், அங்கே டிவிஎஸ் ஆலையில்தான் பிஎம்டபிள்யூ ஜி 310 ஜிஎஸ் உருவானது. எஞ்சினின் உள்ளும் புறமும் அறிந்த கைகள் இவ்வளவு இருக்கும் இடத்தில் கூலன்ட் பேச்சு மட்டும் ‘பச்சையா, சிவப்பா?’ என்பதோடு நின்றுவிடுகிறது. நிறம் வெறும் சாயம். ஒரு கம்பெனியின் சிவப்புக்கும் இன்னொரு கம்பெனியின் சிவப்புக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

இத்தனை திரவங்களில் என் மனம் திரும்பத் திரும்பப் போவது டொயோட்டாவின் சூப்பர் லாங் லைஃப் கூலன்ட்டுக்குத்தான். அதுவும் இளஞ்சிவப்புதான், நான் மயங்குவது அதில் கரைந்திருப்பவற்றில். பழைய பச்சை, சிலிகேட்டை நம்பியது. சிலிகேட் வேகமாக வேலை செய்து உள்பரப்பு முழுவதும் படலம் பூசிவிடும். ஆனால் இரண்டு வருடத்தில் தீர்ந்துபோகும், சில சமயம் அதற்கு முன்பே ஜெல்லாகத் திரிந்துவிடும். அதற்கு எதிர்முனை, ஜெனரல் மோட்டார்ஸ் 1990களில் டெக்ஸ்கூல் என்ற பெயரில் பரப்பிய முழு ஆர்கானிக் அமில வகை. அரிப்பு தொடங்கும் புள்ளியில் மட்டும் போய் உட்காருவதால் ஐந்து வருடம் தாங்கும். ஆனால் நிதானமாகத்தான் வேலை செய்யும். அளவு குறைந்து காற்று புகுந்தால் சேறு கட்டுகிறது என்ற புகார் நீதிமன்றம் வரை போனது. டொயோட்டாவோ சிலிகேட்டை அறவே ஒதுக்கி, பாஸ்பேட்டையும் ஆர்கானிக் அமிலத்தையும் கூட்டு சேர்த்தது. அலுமினியம் புதிதாக வெளிப்பட்ட இடத்தை பாஸ்பேட் உடனே மூடுகிறது. அதன் பிறகு வருடக்கணக்கில் காவல் இருப்பது அமிலம். சேற்றில் முதல் கியரில் உறுமி ஏறும்போது, எக்ஸாஸ்ட் வால்வை ஒட்டிய நீர்ப்பாதையில் குமிழ்கள் பொங்கிக்கொண்டே இருக்கும். காப்புப் படலம் கிழிவது அங்கேதான். கிழிந்ததை உடனே தைக்க வேகமான ஒரு கையும், அடுத்தடுத்த கோடைகளுக்கு நின்று காக்கப் பொறுமையான ஒரு கையும் ஒரே டப்பாவில் கிடைப்பதைத்தான் நான் கலை என்கிறேன்.

ஐரோப்பியக் கட்சிக்காரர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். பாஸ்பேட்டும் கடினநீரும் சேர்ந்தால் கால்சியம் பாஸ்பேட் படிந்து ரேடியேட்டர் குழாய் அடைபடும். தங்கள் தண்ணீர் கடினமானது என்பதால்தான் ஐரோப்பியர்கள் பாஸ்பேட்டை விட்டு சிலிகேட்டோடு நின்றார்கள். மென்மையான தண்ணீர் உள்ள ஜப்பானுக்கு பாஸ்பேட் கட்டுப்படியானது. பொம்மசந்திரா தண்ணீரால் ஐரோப்பாவின் பக்கம் அல்லவா? வேதியியல் சரி, முடிவுதான் சரியில்லை. டொயோட்டா அந்தத் திரவத்தை அயனி நீக்கிய தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்தே விற்கிறது. ஊர்த் தண்ணீருக்கு அதில் வேலையே இல்லை. படிவு வருவது, அவசரத்துக்கு ஊற்றும் ஒரு சொம்பு குழாய்த் தண்ணீரால். கான்சன்ட்ரேட் வாங்கிக் குழாயடியில்தான் கலப்பேன் என்பவர் பாஸ்பேட் இல்லாததையே வாங்கட்டும். அந்த அளவுக்கு அவர்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிலிகேட்டுக்கு இன்னொரு குறை உண்டு. ஹோண்டா தன் ஏடிவிகளுக்கு சிலிகேட் இல்லாத கூலன்ட்டையே கேட்கிறது. வாட்டர் பம்ப் சீல் சீக்கிரம் தேயும் என்பதே காரணம்.

வெறும் தண்ணீர்தான் வெப்பத்தை அதிகம் சுமக்கும் என்பவர்களிடமும் உண்மை இருக்கிறது. தண்ணீரும் கிளைகாலும் பாதிக்குப் பாதி சேர்ந்த கூலன்ட் கலவை, எடைக்கு எடை சுமார் ஆறில் ஒரு பங்கு குறைவாகவே சுமக்கும். ஆனால் இங்கே, கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில், மூடி அழுத்தம் பிடிக்காத ரேடியேட்டரில் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். நல்ல மூடியின் 1.1 பார் அழுத்தத்தில் கலவை 129 டிகிரி அளவுக்குத் தாங்கும். சேறு அப்பிய ரேடியேட்டரும், ஓசூர் ரோடு நெரிசலில் விசிறியை மட்டும் நம்பி நிற்கும் ரேடியேட்டரும் கூலன்ட்டுக்கு ஒன்றுதான். இரண்டிலும் எதிர்காற்று இல்லை. அதே வண்டி லடாக் போனால், மைனஸ் 37 வரை உறையாத அந்தக் கலவை அங்கேயும் போதும். தண்ணீரே இல்லாத கூலன்ட் 180 டிகிரி வரை கொதிக்காது என்று மார்தட்டுவோர் உண்டு. கொதிக்காமல் இருப்பது வேறு, சூட்டை எடுத்துச் செல்வது வேறு. அதை ஊற்றிய எஞ்சினின் உலோகம் கூடுதல் சூட்டிலேயே ஓடும்.

இப்போது அலமாரிகளை நிறைப்பவை ‘எல்லா வண்டிக்கும், எந்த நிறத்தோடும்’ என்று சத்தியம் செய்யும் டப்பாக்கள். இரண்டு வகை கலந்தால் இரண்டின் காப்புப் பொருளும் நீர்த்துப்போகும் என்பதை அவை சொல்வதில்லை. உள்ளே இருப்பது சிலிகேட்டா பாஸ்பேட்டா என்றுகூட அச்சிடாமல் ‘லாங் லைஃப்’ என்று மட்டும் போட்டு விற்பது இந்தத் தொழிலுக்கே இழுக்கு. பொம்மசந்திராவில் வாங்குகிறவர் கேட்க வேண்டியவை இவை: சிலிகேட் இல்லாதது, பாஸ்பேட்டும் ஆர்கானிக் அமிலமும் சேர்ந்தது, தண்ணீர் கலந்தே வருவது, குறையும்போது ஊற்ற அதே திரவத்தில் இன்னொரு டப்பா. இவற்றுக்குப் பதில் சொல்லாத லேபிளை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், அலமாரியிலேயே விட்டுவர வேண்டும்.