பந்தை விடுங்கள், காலைப் பாருங்கள்

பண்டத்தரிப்புப் பக்கம் மாலையில் நடக்கும் மென்பந்துச் சுற்றுப்போட்டிகளுக்குப் போகிறவர்கள் வழக்கமாக இரண்டு இடங்களில்தான் நிற்பார்கள். ஒன்று கணக்கு எழுதுகிறவரின் மேசையடி, மற்றது சிக்ஸர் வந்து விழும் எல்லைக்கோடு. இரண்டுமே துடுப்பாட்டத்தை ரசிக்க நல்ல இடங்கள். பந்துவீச்சை ரசிக்க வேண்டுமானால் அங்கிருந்து நகர்ந்து, பந்துவீச்சாளர் பந்தை விடுகிற கோட்டுக்கு நேர் பக்கவாட்டில் போய் நிற்க வேண்டும். நின்ற பிறகு ஒரு ஓவர் முழுவதும் பந்தைப் பார்க்காதீர்கள். ஆறு தடவையும் அவருடைய கால்களை மட்டும் பாருங்கள். முதல் தடவை ஒன்றும் பிடிபடாது. மூன்றாவது ஓவருக்குள் கண் பழகிவிடும்.

பந்துவீச்சின் பலம் கையில் இருக்கிறதென்று நம்பித்தான் எல்லோரும் வளர்ந்தோம். ஆனால் கை கடைசியில்தான் வேலைக்கு வருகிறது. ஓடிவந்து சேர்த்த வேகத்தை முன்கால் நிலத்தில் ஊன்றித் தடுக்கிறது. கால் நின்றுவிட, இடுப்புக்கு மேலுள்ள உடம்பு முன்னே எறியப்படுகிறது. பிறகு தோள், அதன்பின் கை, மணிக்கட்டு, விரல் என்று வேகம் ஏறிக்கொண்டே போகிறது. முன்கால் ஊன்றும் அந்தக் கணத்தில் நிலத்திலிருந்து திரும்பி வரும் விசை, வேகப்பந்து வீச்சாளரின் உடல் எடையைப்போல ஐந்து மடங்கையும் தாண்டும். 70 கிலோ எடையுள்ள ஒரு பொடியனின் ஒற்றைக் காலில் 350 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் வந்து இறங்குகிறது. ஒவ்வொரு பந்துக்கும் இறங்குகிறது.

பழைய தோட்டக் கிணறுகளைக் கண்டவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். துலாவைத் தாங்கும் ஆடுகால் அசையாமல் நின்றால்தான் துலா வீச்சாக ஏறி இறங்கும். ஆடுகால் ஆட்டங்கண்டால் எவ்வளவு இழுத்தாலும் பட்டை பாதித் தண்ணீரோடுதான் மேலே வரும். பந்துவீச்சாளரின் முன்கால்தான் ஆடுகால், கை அதன்மேல் சுழலும் துலா.

இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேகப்பந்து வீச்சாளர்களின் அசைவுகளை அளந்து, வேகத்தோடு சேர்ந்து வருகிற நான்கு விடயங்களைக் கண்டார்கள். வேகமாக ஓடிவருவது, முன்முழங்கால் மடியாமல் நிற்பது, பந்தை விடும்வரை மேலுடம்பு முன்னோக்கி வளைவது, கை சற்றே பிந்தி வருவது. இந்த நான்கையும் பக்கவாட்டில் நிற்கிறவர் வெறுங்கண்ணால் பார்க்கலாம். இந்தியாவின் ஜஸ்பிரித் பும்ராவை எடுத்துக்கொள்ளுங்கள், அவருடைய ஓட்டம் மிகச் சிறியது. தொடக்கத்தில் நடப்பதுபோலத்தான் வருவார். ஆனாலும் அவருடைய பந்து மணிக்கு 140 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. தொலைக்காட்சியில் மெதுவாகக் காட்டும்போது அவரது இடது முழங்காலைக் கவனியுங்கள், ஊன்றிய பிறகு அது கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. முழங்கால் மடிந்தும் நன்றாக வீசியவர்கள் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். அவர்கள் ஸ்விங்கையும் அளவையும் நம்பியவர்கள், அது வேறு அழகு.

இனி மைதானத்துக்கு வருவோம். முழங்கால் ஊன்றியதும் உள்ளே சரிகிறதா, நேரே நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, பந்து கையை விட்ட பிறகு உடம்பு எங்கே போகிறது? துடுப்பாட்ட வீரரை நோக்கி நாலைந்து எட்டு நேரே போனால் சேர்த்த வேகம் பந்தின் திசையிலேயே போயிருக்கிறது. பந்தை விட்டதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தடுமாறினால், வயிறும் நாரியும் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. இடைவேளையில் அவர் கழற்றி வைத்திருக்கும் சப்பாத்தைப் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். வலக்கைப் பந்துவீச்சாளரின் வலது சப்பாத்தில், பெருவிரல் பக்கத்து முனை மட்டும் தேய்ந்து நூல் பிரிந்திருக்கும். முன்கால் ஊன்றும்போது பின்கால் நிலத்தில் இழுபட்டு வருகிற தேய்வு அது. சிலர் அந்த இடத்தில் தோல் துண்டு வைத்துத் தைத்திருப்பார்கள்.

எங்கள் ஊர்களில் பெரும்பாலான பந்துவீச்சாளர்கள் மென்பந்திலிருந்து வருகிறவர்கள். டெனிஸ் பந்து சுமார் 58 கிராம். கடினப்பந்து 156 கிராமிலிருந்து 163 கிராம்வரை, கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மென்பந்துப் போட்டியில் ஒருவர் ஓரிரண்டு ஓவரோடு முடித்துக்கொள்வார். கையைச் சுழற்றும் வேகமும் யோர்க்கரும் கைவசம் இருந்தால் போதும், நாயகனாகிவிடலாம். அதே பொடியன் பாடசாலை அணிக்குப் போய் ஒரு நாளில் பதினைந்து ஓவர் கடினப்பந்து வீசும்போதுதான் உடம்பு கணக்குக் கேட்கிறது. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டெனிஸ் பந்தில் வளர்ந்த தங்கராசு நடராஜன், 2020–21 அவுஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்திய அணிக்கு அறிமுகமானார். அடுத்த ஏப்ரலிலேயே முழங்காலில் சத்திரசிகிச்சை. இரத்கமவின் லசித் மாலிங்கவும் மென்பந்தின் பிள்ளைதான். 30 டெஸ்ட்டில் 101 விக்கெட் எடுத்தவரை, முழங்கால் தேய்மானம் 2011இலேயே டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விலகவைத்தது. ஓவர்கள் குறைந்த ஆட்டத்துக்கு உடம்பைக் காத்து வைத்ததால்தான் 2019இல் பல்லேகலயில், 36 வயதில், நியூசிலாந்தின் நான்கு பேரை நான்கு பந்தில் வீழ்த்த முடிந்தது. யாழ். சென். ஜோன்ஸ் கல்லூரியின் குகதாஸ் மாதுளன் மாலிங்கவைப் போலவே பக்கவாட்டில் கையை வீசி, இலங்கையின் 19 வயதுக்குட்பட்ட அணிவரை போனவர். அவருடைய யோர்க்கரைக் காணொளியில் பார்த்து வியந்தவர்கள், அடுத்த தடவை அவர் இடுப்பையும் முன்காலையும் பார்த்து வியக்கட்டும்.

ஜிம்முக்குப் போனால் உடம்பு இறுகிவிடும், பந்து வராது என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வதுண்டு. பாதி உண்மை. நெஞ்சையும் புஜத்தையும் மட்டும் வளர்த்து, தோள் மடங்காமல் போனவர்களை வைத்து அவர்கள் பேசுகிறார்கள். பந்துவீச்சாளருக்கு வேண்டிய பயிற்சி வேறு. பாரம் ஒற்றைக் காலில் இறங்குவதால், ஒற்றைக் காலில் இருந்து எழும்பும் பயிற்சி முதலில் வரும். நிலத்திலிருந்து பாரம் தூக்குவது தொடையின் பின்பக்கத்தையும் நாரியையும் திடப்படுத்தும். கெண்டைக்கால், வயிறு, தோளின் பின்புறத்துச் சின்னத் தசைகள் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. தோளின் பின்பக்கத் தசைகள்தான் பந்து போன பிறகு கையை நிறுத்துகின்றன. நிறுத்தத் தெரியாத கையை உடம்பு முழு வேகத்தில் சுழல விடாது. இந்தப் பயிற்சி போட்டிகள் தொடங்க மாதங்களுக்கு முன்பே ஆரம்பித்து, மெல்ல மெல்லப் பாரம் கூட்டி வரவேண்டிய ஒன்று. அதோடு ஓட்டமும் பந்துவீச்சும் சேரவேண்டும். பாரம் தூக்கிக் கட்டிய கால், வீசிப் பழகினால்தான் பந்துவீச்சாளரின் காலாகும்.

இதற்கு டென்னிஸ் லில்லியின் கதையைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. 1973இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஆடிக்கொண்டிருந்தபோது அவுஸ்திரேலியாவின் அந்த வேகப்புயலின் முதுகெலும்பில் வெடிப்புகள் கண்டன. அந்தக் காலத்தில் அதற்கு ஆட்டம் முடிந்தது என்றுதான் பொருள். உடம்பைச் சுற்றிப் பிளாஸ்டர் போட்டுக் கிடந்தார். பிறகு மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் பைக் வகுத்துக் கொடுத்த பயிற்சியில், ஒவ்வொரு தசையாகத் திரும்பக் கட்டினார். பந்துவீசும் முறையையும் திருத்தினார். 1974–75 ஆஷஸ் தொடரில் திரும்பி வந்து 25 விக்கெட் எடுத்தார். 355 டெஸ்ட் விக்கெட்டோடு, அன்றைய உலக சாதனையாளராக ஓய்வு பெற்றார். முதுகு உடைவதற்கு முந்திய லில்லி ஓடிவந்து வேகத்தால் அடித்தவர். பிந்திய லில்லி வேகத்தை எங்கே செலவழிப்பதென்று அறிந்தவர். பயிற்சி அவருக்குக் கொடுத்தது வெறும் பலம் மட்டுமல்ல, ஒரே நாளில் மூன்றாவது தடவை பந்தைக் கையில் வாங்கும்போது யோசிக்கத் தேவையான மூச்சும்தான். 1987இல் சென்னையில் எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி நிலையத்தைப் பொறுப்பேற்று, அந்த அறிவை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் கொண்டுவந்தார். தற்செயலாக, எங்கள் சமிந்த வாஸும் 355 டெஸ்ட் விக்கெட்டில்தான் நிறுத்தினார். பெரும்பாலும் பந்து எழும்பாத ஆசிய மைதானங்களில் பதினைந்து வருடம் வீசி எடுத்த 355 அது.

ரசிகர்களாகிய நாங்கள் கற்றுக்கொள்ளவேண்டிய இடம் ஒன்று இங்கே இருக்கிறது. பாடசாலைப் பொடியனின் நாரி எலும்பு இன்னும் முற்றவில்லை. இருபது வயது தாண்டிய பிறகும் அது உறுதியாகிக்கொண்டேதான் இருக்கிறது. அந்த வயதில் கூட்டம் கேட்டதற்காக வீசுகிற மேலதிக ஓவர், எலும்பில் மயிரிழை வெடிப்பாகப் பதியக்கூடும். அவுஸ்திரேலியாவின் பற் கமின்ஸ் 2011இல் ஜொஹன்னஸ்பேர்க்கில், 18 வயதில், அறிமுக டெஸ்ட்டிலேயே ஓர் இன்னிங்ஸில் 79 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்தார். அடுத்த டெஸ்ட்டை ஆட 2017 மார்ச்வரை காத்திருந்தார், பெரும்பாலும் முதுகு வெடிப்பினால். இங்கிலாந்தில் 15 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர் ஒரே மூச்சில் ஆறு ஓவருக்கு மேல் வீசக்கூடாதென்று நெடுங்காலம் விதி வைத்திருந்தார்கள். ஆகவே, ஏழாவது ஓவருக்கு அணித்தலைவர் பந்தை வேறொருவரிடம் கொடுத்தால் சத்தம் போடாதீர்கள், கைதட்டுங்கள். வலக்கைப் பந்துவீச்சாளருக்கு நாரியின் இடப்பக்கம் நொந்து, பின்னே வளையும்போது நோ கூடினால், எண்ணெய் தேய்த்துவிட்டு மறுநாளும் வீசவைக்கக் கூடாது. வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். 1820ஆம் ஆண்டளவிலேயே அமெரிக்க மிஷன் வைத்தியர் ஜோன் ஸ்கடர் வந்து தங்கி நோயாளரைப் பார்த்த ஊர் பண்டத்தரிப்பு. வைத்தியரைத் தேடிப்போக இந்த மண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

சுழல்பந்து வீச்சாளருக்கு உடற்பயிற்சி வேண்டாமென்று நினைப்பவர்கள் முரளிதரனை நினைக்கவேண்டும். டெஸ்ட்டில் மட்டும் 44,039 பந்துகள் வீசி 800 விக்கெட் எடுத்தவர். 2004இல் தோளில் சத்திரசிகிச்சை செய்து, திரும்பி வந்து இன்னும் ஆறு வருடம் வீசினார். யாழ். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2024 மே மாதம் ஹைதராபாத் அணிக்காக ஐ.பி.எல். ஆட்டத்தில் இறங்கியபோது நாங்கள் எல்லோரும் அவர் மணிக்கட்டையே பார்த்திருந்தோம். மணிக்கட்டு பந்தைச் சுழற்றும். அந்தச் சுழற்சியோடு பந்துக்கு வேகமும் எழும்பலும் கொடுப்பது, முன்காலின் விரல் நுனியில் உடம்பு முழுவதும் திரும்புகிற திரும்பல். அது நின்றுவிட்டால் லெக் ஸ்பின் தோள் வேலையாகச் சுருங்கிவிடும், பந்தும் கட்டையாக விழும்.

இவ்வளவையும் ஒரே நாளில் பார்க்க, மாசி பங்குனி மாதத்துப் பாடசாலைப் பெரும் போட்டிகளே தகுந்தவை. 1904இல் தொடங்கிய வடக்கின் பெரும் போரில் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸும் மோதுகின்றன. 1917இல் தொடங்கிய பொன் அணிகளின் போரில் சென். பற்றிக்ஸும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் மோதுகின்றன. பண்டத்தரிப்பிலிருந்து வட்டுக்கோட்டை மிதிவண்டித் தூரம்தான். காலையில் போகிறவர்கள் முதல் மூன்று ஓவரில் பந்துவீச்சாளரின் ஓட்ட எட்டுகளை எண்ணிக்கொள்ளுங்கள். முன்கால் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறதென்றும், விக்கெட் காப்பாளர் எங்கே நிற்கிறாரென்றும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தேநீர் இடைவேளை முடிந்து அவரே மீண்டும் பந்தைக் கையில் எடுக்கும்வரை காத்திருங்கள். வெயில் முழுவதும் அவர் உடம்பில் ஏறியிருக்கும். களைத்தவருடைய கடைசி மூன்று எட்டுகள் குறுகும், முன்முழங்கால் மடியும், பந்து கையை விடும் உயரம் தாழும், காப்பாளர் இரண்டு எட்டு முன்னே வந்து நிற்பார். காலையில் எண்ணிய அதே எட்டுகள், அதே இடத்தில் விழுகிற கால், நகராத காப்பாளர் என்று மாலையிலும் கண்டால், மார்கழி மழையில் யாரும் பார்க்காத நேரத்தில் அந்தப் பொடியன் செய்த பயிற்சியைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். விக்கெட் விழாவிட்டாலும் எழும்பி நின்று கைதட்டத் தகுந்த ஓவர் அது.