ஈரக் கையும் ஒரு ஆப்பும்

இப்போது எந்தச் சாமான் வாங்கினாலும் கூடவே ஒரு ஆப் வந்துவிடுகிறது. கைக்கடிகாரத்துக்கு ஒன்று, ஏ.சி.க்கு ஒன்று, பல் தேய்க்கும் பிரஷ்ஷுக்குக்கூட ஒன்று. இரண்டு நாள் நோண்டிவிட்டு மறந்துவிடுகிறோம். பாதகமில்லை, ஆப் படுத்துவிட்டாலும் பல் தேய்க்கலாம்.

ஆப் படுத்துவிட்டால் ஆள் கரை திரும்ப மாட்டார் என்கிற கதையும் இருக்கிறது. இந்த வாரம் அது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரிப் பக்கம் அடித்தபோது, பல படகுகள் பல நாட்களாக ஆழ்கடலில் இருந்தன. செல்போன் சிக்னல் கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரோடு சரி. அதற்கப்பால் இருப்பவருக்கு டி.வி.யில் ஓடும் சிவப்பு எழுத்தால் என்ன பிரயோசனம்?

இதற்குப் பதிலாக 2019 அக்டோபரில் வந்தது 'ஜெமினி'. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையமும் இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் சேர்ந்து கொண்டுவந்தது. விமானங்களுக்கு வழிகாட்டும் 'ககன்' செயற்கைக்கோள் அமைப்பின் வழியாகவே புயல், அலை, மீன் கிடைக்கும் இடம் பற்றிய செய்திகள் கடலுக்கு வரும். படகில் இருக்கும் சின்னப் பெட்டி அதைப் பிடித்து, ப்ளூடூத்தில் போனுக்குத் தள்ளும். போனில் இருக்கும் ஆப் அதை ஒன்பது இந்திய மொழிகளில் காட்டும்.

நல்ல யோசனைதான். திரை ஏற்கெனவே எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. பெட்டியில் இன்னொரு திரை வைத்து விலையை ஏற்றுவானேன்? அப்படியும் ஒரு பெட்டி சுமார் 9,000 ரூபாய் என்றார்கள்.

குறை எங்கே? கோவளம், பட்டிபுலம், தேவநேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று ஈ.சி.ஆர். ஓரமாகவே போய்ப் பாருங்கள். மணலிலிருந்து தள்ளிவிடும் ஃபைபர் படகுகள்தான் அதிகம். கேபின் கிடையாது, சார்ஜர் செருக இடம் கிடையாது. போன் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும், கை உப்புத் தண்ணீரில் ஊறியிருக்கும். ஈரக் கையின் தொடுதலை டச் ஸ்கிரீன் சரியாகப் புரிந்துகொள்ளாது. பகலில் வெயில் திரையை மறைக்கும். ஏ.சி. அறையில் உட்கார்ந்து பட்டன் எந்த நிறத்தில் இருக்கலாம் என்று யோசிக்கிறவருக்கு இதெல்லாம் தோன்றாது.

அடுத்தது மொழி. தமிழில் காட்டினால் மட்டும் போதுமா? மீன் இருக்கும் இடத்தை இன்காய்ஸ் திசை, கிலோமீட்டர், மீட்டர் ஆழம் என்று சொல்கிறது. கடலில் ஆழத்தைப் பாகத்தில் அளக்கிறார்கள். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி. காற்றுக்கும் அவர்களிடம் பெயர் இருக்கிறது: வாடை, கொண்டல், கச்சான். 'வடக்குத் திசையிலிருந்து பலத்த காற்று வீசக்கூடும்' என்பதைப் படித்து முடிப்பதற்குள் அலை ஏறிவிடும். 'வாடை பலமா அடிக்கப் போவுது, கரைக்குத் திரும்பு' என்று போன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியம், போன் செத்துக் கிடந்தாலும் பெட்டியே கத்த வேண்டும். உயிர் காக்கும் செய்தியை இரண்டு பேட்டரி, ஒரு ப்ளூடூத், ஒரு ஆப் என்று நாலு பேர் கைமாற்றிக் கொடுக்கும்படி வைத்தால், அதில் யாராவது ஒருவர் தூங்கிவிடுவார்.

ஜெமினியின் பெரிய குறை, அது ஒருவழிப் பாதை. 'காத்து வரும்னு சொல்றே, சரி. நான் மாட்டிக்கிட்டேன்னு யார்கிட்டச் சொல்றது?' என்று ஒரு மீனவர் கேட்டால் அதனிடம் பதில் இல்லை. இதை உணர்ந்துதான் இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் இருவழியும் பேசும் டிரான்ஸ்பாண்டர் வந்தது. 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 1 லட்சம் படகுகளுக்கு, சுமார் 360 கோடி ரூபாய் செலவில், 2024 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் பால்கரில் தொடங்கிவைத்தார். அதற்கும் போனில் ஒரு ஆப் உண்டு. ஆகவே ஈரக் கை, வெயில், வாடை எல்லாம் அதற்கும் பொருந்தும்.

ஒரு டிசைனில் உள்ள குறைகளில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடிக்க ஐந்து பேரிடம் சோதித்தால் போதும் என்று 2000-ல் ஜேக்கப் நீல்சன் எழுதினார். எந்த ஐந்து பேர் என்பதுதான் விஷயம். ஸ்மார்ட் போனில் கை தேர்ந்த ஐந்து இளைஞர்களை மீன்வளத் துறை ஹாலுக்குக் கூப்பிட்டு, டீ கொடுத்து, 'நல்லா இருக்கா?' என்று கேட்டால், 'நல்லா இருக்கு சார்' என்றுதான் சொல்வார்கள். டீ கொடுத்தவரிடம் வேறென்ன சொல்வது? விடியுமுன் படகில் ஏற்றி, வலை இழுக்கிற நேரத்தில் ஒரு எச்சரிக்கை அனுப்பிப் பார்க்க வேண்டும். ஐவரில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒரு பெரியவர் இருக்கட்டும். 'படகு எங்கே?' என்று கரையில் காத்திருக்கும் மீன் விற்கிற அம்மா ஒருவரும் இருக்கட்டும். அந்தத் தகவல் அவருக்கும் வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யக் கூடாது. சின்னக் காற்றுக்கெல்லாம் அலறக் கூடாது. பத்து முறை சும்மா கத்திய பெட்டியை, பதினோராவது முறை நிஜமாகக் கத்தும்போது யாரும் மதிக்க மாட்டார்கள்.

மாமல்லபுரத்தில் ஒரு காலத்தில் பல்லவர் கட்டிய ஓலக்கண்ணேஸ்வரர் கோயில் மேலேயே கப்பல்களுக்கு விளக்கு வைத்தார்கள். பிறகு பக்கத்திலேயே கோபுரம் கட்டினார்கள். அந்த விளக்குக்கு ப்ளூடூத் வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம், படிக்கத் தெரிய வேண்டாம். புதிதாக ஆப் எழுதுகிறவர்கள் ஒருமுறை அதன் மேலே ஏறி, கீழே படகு தள்ளுகிறவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வரலாம். டிக்கெட் அதிகமில்லை.