காலமறிதலும் சந்தர்ப்பவாதமும்

சந்தர்ப்பவாதி என்றாலே நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கும் கட்சிக்காரர்தான் ஞாபகத்துக்கு வருவார். 2009-இல் திருப்பதி மக்கள் நடிகர் சிரஞ்சீவியைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். அவருடைய பிரஜா ராஜ்யம் கட்சி 2011-இல் காங்கிரஸோடு கலந்தது. சந்தர்ப்பவாதம் என்று சிலர் சொன்னார்கள். காலமறிந்து செய்தார் என்றும் சொல்ல ஆள் இருந்தது. ஒரே செயலுக்கு இரண்டு பெயர் என்றால் அளவுகோல் எது?

திருக்குறளில் 49-ஆம் அதிகாரம் காலமறிதல். அதன் கடைசிக் குறளில் கொக்கு உவமையாக வருகிறது. ஒடுங்க வேண்டிய காலத்தில் கொக்கைப்போல ஒடுங்கியிரு, நேரம் வாய்த்ததும் அது குத்துகிறாற்போலத் தவறாமல் செய் என்பது கருத்து. (வள்ளுவரை எங்களவர் என்று கொண்டாடும் சமணனுக்கு மீன் குத்துகிற உவமை கொஞ்சம் உறுத்தும்தான். அது தனிக் கட்டுரை.) மேடையில் பேசுகிறவர்கள் கொக்கின் பொறுமையைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது போதவில்லை.

பஞ்சதந்திரத்திலும் ஒரு கிழக் கொக்கு உண்டு. குளம் வற்றப் போகிறது, வேறு குளத்தில் கொண்டுபோய் விடுகிறேன் என்று மீன்களை நம்பவைத்து, ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய்த் தின்றது. கடைசியில் நண்டு அதன் கழுத்தை நறுக்கியது. இரண்டு கொக்கும் காலம் பார்த்தவைதான். வள்ளுவரின் கொக்கு மீனிடம் வாயே திறக்கவில்லை. இந்தக் கொக்கு பேசிற்று, பொய் பேசிற்று. வித்தியாசம் அந்தப் பேச்சில் இருக்கிறது என்பது என் வாசிப்பு.

2009-இல் பொருளாதார நோபல் பெற்ற அமெரிக்கர் ஆலிவர் வில்லியம்சனும் இங்கேதான் கோடு போடுகிறார். தன் லாபத்தைக் கபடத்தோடு தேடுவதற்குத்தான் அவர் சந்தர்ப்பவாதம் என்று பெயர் வைத்தார். சமணத்தில் நான்கு கஷாயங்களில் ஒன்றான மாயை இதுவே. வேதாந்தம் சொல்லும் மாயை வேறு. எங்கள் மாயை வஞ்சகம். கள்ளாமை விரதத்துக்கு வரும் கேடுகளில் கள்ள எடையையும் போலிச் சரக்கையும் உமாஸ்வாமியின் தத்துவார்த்த சூத்திரம் சேர்க்கிறது. விலை ஏறும்போது விற்பது அந்தப் பட்டியலில் கிடையாது.

வைத்தியத்தில் இந்தச் சொல் வீணாகிறது. 2021-இல் கருப்புப் பூஞ்சை வந்ததே, அது மண்ணில் எப்போதும் இருப்பது. சர்க்கரை ஏறி, ஸ்டீராய்டும் எடுத்த உடம்பில் நோயாக முற்றியது. இதைச் சந்தர்ப்பவாதத் தொற்று என்று மொழிபெயர்க்கிறார்கள். பூஞ்சைக்கு ஏது வாதம்? சந்தர்ப்பத் தொற்று என்றாலே போதுமே.

சரி, பேச்சே இல்லாத இடத்தில் என்ன செய்வது? நம்ம சித்தூரில் 2025 மாம்பழ சீசனைப் பாருங்கள். தோதாபுரி விளைச்சல் கொட்டியது, விலை விழுந்தது. கிலோவுக்குக் கம்பெனி 8 ரூபாய், அரசாங்கம் 4 ரூபாய், ஆக 12 என்று ஆந்திர அரசு அறிவித்தது. அந்த 8 ரூபாய் கைக்கு வரவில்லை என்று விவசாயிகள் புகார் சொன்னார்கள். பறித்த பழம் சில நாள்தான் தாங்கும்; டிராக்டரோடு கூழ் ஃபேக்டரி வாசலில் நிற்கிறவன் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக முடியாது. இப்படி ஒரே வாசலில் மாட்டிக்கொள்பவனைப் பற்றித்தான் வில்லியம்சன் அதிகம் எழுதினார். வரத்து பெருகி விலை சரிந்தால் அதைச் சந்தை என்று ஒத்துக்கொள்ளலாம். பறிக்கும் முன்னே ஒரு விலை சொல்லி வரவழைத்து, எடை போட்டபின் குறைத்தார்களா என்று கேட்க வேண்டும். குறைத்திருந்தால், அந்த வாசலில் நின்றது பஞ்சதந்திரக் கொக்கு.