மூன்று ஹைட்ரஜன்கள்

மெர்சரைஸ் செய்த பனியன் துணியையும் செய்யாததையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்தால், எது எதுவென்று திருப்பூர்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றில் பட்டுப் போன்ற மினுமினுப்பு. சாயமும் ஆழமாக ஏறியிருக்கும். மெர்சரைஸ் செய்ய அடர்த்தியான காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கும்போது, சப்பையாய் முறுக்கிக் கிடந்த பருத்தி இழை உப்பி உருண்டுவிடுகிறது. 1844-இல் ஜான் மெர்சர் கண்டது இது. சுருங்கவிடாமல் இழுத்துப் பிடித்தால் பளபளப்பு வரும் என்பதை ஹொரேஸ் லோ பின்னாளில் சேர்த்தார்.

இழைக்குள்ளே என்ன நடக்கிறது? பருத்தி என்பது செல்லுலோஸ். குளுக்கோஸ் அலகுகளைக் கோத்த நீண்ட சங்கிலி. சங்கிலியைச் சங்கிலியோடு தைத்து வைப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. அந்தத் தையலைப் பார்ப்பதுதான் கடினம். எக்ஸ் கதிர் எலக்ட்ரான்களைத்தான் பார்க்கும். ஹைட்ரஜனிடம் இருப்பதோ ஒன்றே ஒன்று. அதையும் ஆக்சிஜன் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது.

நியூட்ரான் எலக்ட்ரானைக் கண்டுகொள்ளாமல் நேரே அணுக்கருவுக்குப் போகும். அங்கேதான் நயம். சாதாரண ஹைட்ரஜன் நியூட்ரானைச் சிதறடிக்கும் அளவு கழித்தல் 3.74 ஃபெம்டோமீட்டர், அதன் கனமான உடன்பிறப்பு டியூட்டீரியத்துக்குக் கூட்டல் 6.67. குறியே மாறிவிடுகிறது! கார்பனின் அளவு 6.65. எக்ஸ் கதிரின் கண்ணில் படாத பொடியன், நியூட்ரானின் முன் கார்பனுக்குச் சமமாக நிற்கிறான்.

இந்தக் குறி மாற்றத்தை பால் லாங்கன், யோஷிஹாரு நிஷியாமா, ஆன்ரி ஷான்சி மூவரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் பயன்படுத்திய அழகைப் பாருங்கள். எடுத்துக்கொண்டது ஆளி நார், அதுவும் செல்லுலோஸ்தான். செய்ததும் நம் ஊர் மெர்சரைசிங்தான். ஒரு கட்டு நாரைச் சாதாரணத் தண்ணீரில் கரைத்த காஸ்டிக்கில் நனைத்தார்கள். இன்னொரு கட்டுக்குத் தண்ணீருக்குப் பதில் டியூட்டீரியம் கொண்ட கனநீர். காஸ்டிக்கிலும் ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம்.

வெறுமனே கனநீரில் ஊறவைத்திருந்தால் படிகத்தின் மேற்புறம் மட்டுமே மாறியிருக்கும். காஸ்டிக் படிகத்தையே உப்பவைத்துத் திறந்துவிடுவதால், டியூட்டீரியம் உள்ளறை வரை நுழைகிறது. அதிலும் ஒரு ஒழுங்கு: ஒவ்வொரு குளுக்கோஸ் அலகிலும் உள்ள பத்து ஹைட்ரஜன்களில், கார்பனோடு ஒட்டிய ஏழும் இடம்விட்டு அசையாது. ஆக்சிஜனோடு நிற்கும் மூன்றுதான் மாறும். தையல் போடுவதும் அந்த மூன்றுதான். நியூட்ரான் தந்த இரண்டு சித்திரங்களில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் பொதுவானதெல்லாம் அழிந்து, தையல் புள்ளிகள் மட்டும் மிஞ்சுகின்றன. முன்பு ஒரே திசை பார்த்து நின்ற சங்கிலிகள், ஊறி எழுந்தபின் ஒன்று மேல் நோக்க அடுத்தது கீழ் நோக்க நிற்கும் புதிய நெசவை, அந்தப் புள்ளிகள் எப்படிக் கட்டியிருக்கின்றன என்பது தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாததைக் கழித்துக் காட்டும் இந்தக் கணக்கு எத்தனை சுத்தம்!

தமிழர்களுக்கு இது அந்நியமான கலை அல்ல. பொக்ரானோடு சேர்த்தே நாம் நினைக்கும் ரா. சிதம்பரம், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். டிராம்பேயில் நியூட்ரான் விளிம்பு விளைவைக் கொண்டு அமினோ அமிலங்களில் ஹைட்ரஜன் நிற்கும் இடத்தைத் தேடியவர். கனநீருக்கும் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. தூத்துக்குடியிலேயே ஆலை எழுந்தது.

நியூட்ரானின் கண் ஹைட்ரஜனோடு நின்றுவிடுவதில்லை. அது தானே ஒரு குட்டிக் காந்தம் என்பதால், மாங்கனீசு ஆக்சைடுக்குள் அடுத்தடுத்த அணுக் காந்தங்கள் எதிரெதிரே திரும்பி நிற்பதை 1949-இல் கிளிஃபோர்ட் ஷல் அதைக் கொண்டே காட்டினார்; 1994-இல் நோபல் பரிசு பெற்றார். பேட்டரிக்குள் லித்தியமும், ஹைட்ரஜனைச் சேமிக்கும் உலோகத்துக்குள் ஹைட்ரஜனும் எங்கே உட்காருகின்றன என்று இன்று தேடுவோரும் இதே கண்ணைத்தான் நம்புகிறார்கள்.

என் மனம் அந்த இரண்டு கட்டு நாரிடமே திரும்புகிறது. சாயப்பட்டறைக்காரர் கைப்பழக்கத்தில் அறிந்த காஸ்டிக் குளியல். மாற்றியது அந்தக் குளியலின் ஹைட்ரஜனை மட்டும். அந்த ஒரு மாற்றத்தில் துணி தன் உள்தையலைக் காட்டிக்கொடுத்துவிட்டது.