கேளிக்கையல்ல, கேள்வி!

கேளிக்கை எனப் பெயர் சூட்டிக்கொண்டு, கேளிக்கையையே குற்றக் கூண்டில் ஏற்றிய இசைத்தட்டு ஒன்று உண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் உருவான 'கேங் ஆஃப் ஃபோர்' குழுவினர் நால்வர் 1979-இல் வெளியிட்ட 'என்டர்டெயின்மென்ட்!' அது. ஆடவைக்கும் தாளமும், பங்க் இசையின் சீற்றமும் கைகோத்த நடன-பங்க் இசைக்கு அது முன்னோடி.

உறையைப் பாருங்கள்! அமெரிக்கப் பழங்குடி மகனும் வெள்ளையனும் கைகுலுக்குகின்றனர். நண்பன் கிடைத்தான் என்று முன்னவன் சிரிக்கிறான். ஏமாளி கிடைத்தான் என்று பின்னவன் சிரிக்கிறான். சுரண்டலின் வரலாற்றைச் சுருக்கிச் சொல்ல வேறென்ன வேண்டும்?

இசையிலும் அதே கூர்மை. ஆண்டி கில்லின் கிட்டார் குழையவில்லை; வெட்டுகிறது. ஒரு வெட்டு, ஓர் அமைதி, மீண்டும் ஒரு வெட்டு! டேவ் ஆலனின் பாஸ் கிட்டாரும் ஹியூகோ பர்னமின் டிரம்ஸும் பின்னணியில் ஏவல் செய்யவில்லை. சரிநிகராய் நின்று வாதிடுகின்றன. 'ஆந்த்ராக்ஸ்' பாடலில் ஜான் கிங் பாடும்போதே கில் பேசுகிறார். காதற்பாட்டுகள் மலிந்திருப்பது ஏனென ஆராய்கிறார்.

இத்தகைய இசையை எப்படிக் கேட்பது? எம்பி3 முறை, காதுக்கு எட்டாது எனத் தான் கணித்ததைக் கழித்துவிடுகிறது. அளவுமீறிச் சுருக்கினால், வெட்டொலிக்கு முன்பே இரைச்சல் கசிந்து, அந்த அமைதியைக் கெடுக்கிறது. 2001-இல் வந்த ஃபிளாக் முறையோ எதையும் இழப்பதில்லை. குறுந்தட்டில் நொடிக்கு 44,100 முறை அளந்து பதித்த எண்கள் அத்தனையும் அப்படியே மீள்கின்றன. நம்புங்கள் என்று சொல்லவில்லை. ஒப்பிட்டுச் சரிபாருங்கள் என்கிறோம்!

ஆனால் இங்கும் ஒரு புதுப் பூசாரிக் கூட்டம் புகுந்துவிட்டது. நொடிக்கு 1,92,000 முறை அளந்தால்தான் மோட்சம் என்கிறது; விலையுயர்ந்த கம்பிக்கு மகிமை கற்பிக்கிறது. மனிதச் செவியின் மேல் எல்லை நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு. அதைப் பதிக்க 44,100 போதும் என்கிறது கணிதம். எது எதுவெனச் சொல்லாமல் இரண்டையும் கேட்கச் செய்து பாருங்கள், மகிமை மௌனமாகிவிடும்! தரமான எம்பி3-ஐயும் பலரால் பிரித்தறிய இயலாது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பின் ஏன் இழப்பிலா ஒலி? எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்னும் உரிமை கேட்போரிடமே இருக்கவேண்டும் என்பதால்! 1979-இல் பாடலின் ஒரு சொல் ஆகாதென பிபிசி தொலைக்காட்சி கெடுபிடி செய்தபோது, புகழ் தரும் மேடையையே உதறி வெளியேறியவர்கள் இவர்கள். கத்தரிக்கோலுக்குப் பணியாதோரின் இசையைக் கத்தரிக்காமல் கேட்போம். கால்கள் ஆடட்டும், கருத்தோ விழித்திருக்கட்டும்!